தண்ணியில்லாக் காட்டில் 40 ஏக்கர் வாங்கலாமா?

கேள்வி: அரிசோனாவில், சாண்ட்லரில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எனக்கு சிப் கம்பெனியில் வேலை, மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்ததே, அப்போது எங்கள் தெருவில் ஒரு ராத்திரி ஆறு மணி நேரம் கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து நகரத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு. கோச்சீஸ் கவுண்டியில், வில்காக்ஸுக்குத் தெற்கே கன்சாஸ் செட்டில்மென்ட் பக்கம் 40 ஏக்கர் காலி நிலம் விலைக்கு வருகிறது, ஒரு நல்ல எலெக்ட்ரிக் கார் விலைதான். பக்கத்து நிலத்தில் 400 அடியில் தண்ணீர் இருக்கிறது என்கிறார் விற்பவர். வீடு கட்ட இன்ஸ்பெக்‌ஷன் தொல்லை இல்லையாம். மத்திய அரசின் அபாயப் பட்டியலில் எங்கள் மாரிகோபா கவுண்டியைவிட அதற்கு மதிப்பெண் குறைவு. தோட்டம், கோழி, ஆடு, சோலார் என்று தற்சார்பாக வாழவும், நெருக்கடி வந்தால் ஒதுங்கவும் இந்தக் கவுண்டி ஏற்றதா? மனைவி, "தண்ணியில்லாத காட்டுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்குறவன் நீங்க ஒருத்தர்தான்" என்கிறார்.

பதில்: உங்கள் மனைவியிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், கடிதத்தில் நிலவியல் தெரிந்து பேசியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

நான் நிலத்தடி நீர் ஆள். சின்ன வயதில் பல்லடம் பக்கம் போர்வெல் வண்டிக்குப் பின்னால் சுற்றி, பிறகு படித்து, இருபது சொச்சம் வருடமாக நியூ மெக்சிகோ, அரிசோனா என்று கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். அதனால் எந்த நிலத்தைக் காட்டினாலும் கண் முதலில் கீழேதான் போகும், அந்தச் சாய்வு எனக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

"இந்தக் கவுண்டி ஏற்றதா" என்ற கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கோச்சீஸ் கவுண்டி ஏறத்தாழ 6,200 சதுர மைல். கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால் வருகிற பரப்பு. அங்கே 2020 கணக்கெடுப்பில் இருந்த மக்கள் ஒண்ணேகால் லட்சம். இந்த மூன்று மாவட்டமும் சேர்ந்து விவசாயத்துக்கு நல்லதா என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பவானி ஓரமா, பல்லடம் மேடா என்று திருப்பிக் கேட்பீர்கள் இல்லையா. அதேதான் இங்கேயும். கவுண்டி என்பது வரி கட்டவும் ஷெரிஃபைக் கூப்பிடவும் போட்ட கோடு, நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. அங்கே கணக்கு, நீர்ப்படுகை வாரியாக. வடக்கே வில்காக்ஸ் படுகை, தெற்கே எல்ஃப்ரிடா, மெக்நீல் ஊர்களை வைத்திருக்கும் டக்ளஸ் படுகை, மேற்கே பென்சன், செயின்ட் டேவிட், சியரா விஸ்டா இருக்கிற சான் பெட்ரோ ஆற்றுப் பக்கம். இதில் நீங்கள் பார்த்திருக்கிற இடம் வில்காக்ஸ் படுகை, அதிலும் பம்பு அதிகமாக ஓடுகிற பகுதி.

வில்காக்ஸ் ஒரு மூடிய படுகை. சுற்றிலும் மலை, நடுவில் பிளாயா என்கிற வறண்ட ஏரி, விழுகிற மழை ஆறாக வெளியே போகாது, வெளியிலிருந்து ஆறு உள்ளே வருவதும் கிடையாது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் கொக்குகள் வந்து இறங்கும், பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீர் ரொம்ப காலமாகச் சேர்ந்த சேமிப்பு, வருடா வருடம் அதில் வந்து சேருவது சொற்பம், எடுப்பது அதைப்போலப் பல மடங்கு. பிஸ்தா, பீக்கன், குதிரைமசால், மாட்டுத் தீவனச் சோளம், பெரிய பால்பண்ணைகள் எல்லாம் அங்கே ஏன் வந்து குவிந்தன தெரியுமா? அரிசோனாவின் நிலத்தடி நீர்ச் சட்டம் 1980-இல் வந்தபோது ஃபீனிக்ஸ், டூசான் மாதிரி சில பகுதிகளை மட்டும்தான் கட்டுக்குள் கொண்டுவந்தது. மற்ற இடங்களில், உன் நிலத்தில் நீ துளை போடு, வேண்டியதை எடு, அவ்வளவுதான். காசு உள்ளவன் 1,500 அடிக்கும் போவான், பக்கத்தில் 300 அடியில் வீட்டுக் கிணறு வைத்திருக்கிற ஓய்வு பெற்ற தம்பதிக்கு ஒரு நாள் குழாயில் காற்று வரும். நம் கொங்கு நாட்டில் பார்த்த அதே படம், நடிகர்கள்தான் வேறு.

2022 நவம்பரில் இதை ஓட்டுக்கு விட்டார்கள். டக்ளஸ் படுகை மக்கள் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள், வில்காக்ஸ் மக்கள் வேண்டாம் என்றார்கள். அப்புறம் நிலைமை முற்றிப்போய், மாநில நீர்வளத் துறையே 2024 டிசம்பரில் வில்காக்ஸையும் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, 2025 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இது உங்களுக்கு எப்படிப் படும் என்பதை விற்பவர் சொல்லியிருக்க மாட்டார். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் புதிதாக இரண்டு ஏக்கரோ அதற்கு மேலோ நீர்ப்பாசனம் செய்ய முடியாது. அறிவிப்புக்கு முந்தைய ஐந்து வருடத்தில் அந்த மண்ணுக்குச் சட்டப்படி பாசனம் நடந்திருந்தால்தான் அந்த உரிமை நிலத்தோடு வரும். நீங்கள் பார்த்தது காலி நிலம். 40 ஏக்கர் வாங்கினாலும் இரண்டு ஏக்கருக்குக் கீழேதான் நனைக்கலாம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நிமிடத்துக்கு 35 கேலனுக்கு (ஒரு கேலன் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) மிகாத சிறு பம்பு போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் தாராளம், நான் மறுக்கவில்லை. மீதி 38 ஏக்கர் எதற்கு என்பதுதான் கேள்வி, வெறும் தூரத்துக்காகவா?

சரி, 400 அடி. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் நிலம் வாங்கக் கூடாது. எந்த வருடம் அளந்த 400? அது கிணற்றின் ஆழமா, பம்பு தொங்குகிற ஆழமா, இல்லை தண்ணீர் நிற்கிற மட்டமா? மூன்றும் வேறு வேறு. ஒரு கிணறு 600 அடி ஆழம், தண்ணீர் 400-இல் நிற்கிறது, பம்பு 460-இல் தொங்குகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கையில் இருப்பு 200 அடி. ஆனால் மட்டம் வருடத்துக்கு நாலு அடி இறங்கினால் பதினைந்து வருடத்தில் பம்பு அந்தரத்தில் தொங்கும், அதற்கு முன்பே பம்பு ஓடும் நேரத்தில் மட்டம் கீழே இழுபட்டுக் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் வாங்கினார். விளம்பரத்தில் போட்டிருந்த ஆழம் 1970-களில் துளை போட்டவர் எழுதி வைத்த குறிப்பு, அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பொய் என்று சொல்ல முடியாது, எழுதின அன்றைக்கு அது உண்மைதான். இன்றைக்கு அவர் லாரித் தண்ணீர் வாங்குகிறார்.

அதனால் பார்க்க வேண்டியது ஆழத்தை அல்ல, இறக்கத்தை. அரிசோனாவில் பதிவான ஒவ்வொரு கிணற்றுக்கும் 55 என்று தொடங்கும் பதிவு எண் உண்டு, மாநில நீர்வளத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த வருடம் துளைத்தது, எவ்வளவு கேசிங், அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றது எல்லாம் வரும். அதைவிட முக்கியம், துறை சில கிணறுகளைப் பல வருடமாக அளந்துகொண்டே இருக்கிறது. உங்கள் நிலத்தைச் சுற்றி மூன்று நான்கு மைலுக்குள் அப்படிப்பட்ட கிணறுகள் எவை என்று பார்த்து வருடா வருடம் நீர்மட்டம் காட்டுகிற வரைபடக் கோட்டை மட்டும் கவனியுங்கள். அது சறுக்குமரம் மாதிரி இறங்கினால் அந்த நிலம் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இன்னொன்று, இப்படி உறிஞ்சிய இடங்களில் நிலமே மெல்ல அமுங்குகிறது, சில இடங்களில் மைல் கணக்கில் வெடிப்பு விழுகிறது, மழைக்காலத்தில் ஒரு ஓட்டம் தண்ணீர் போனால் போதும், வெடிப்பு பள்ளமாக வாய் திறந்து ரோட்டைத் தின்றுவிடும். மாநில நிலவியல் துறை அந்த வெடிப்புகளை வரைபடமாகவே போட்டிருக்கிறது, வில்காக்ஸ் பக்கமும் இருக்கின்றன. பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

"கிணறு வேண்டாம், லாரியில் வாங்கிக்கொள்கிறேன், மழைநீர் பிடிக்கிறேன்" என்பவர்களும் அங்கே நிறைய. கணக்குப் போடலாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை விழுந்தால் 623 கேலன். உங்கள் வீடும் கொட்டகையும் சேர்த்து 2,000 சதுர அடி கூரை, வருட மழை 12 அங்குலம் (கோவையில் பெய்வதில் பாதிகூட இல்லை) என்றால் முழுசாகப் பிடித்தாலும் 15,000 கேலன், சிந்தினது சிதறினது போக 12,500 என்று வையுங்கள். நாலு பேர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கேலன் செலவழித்தால், அது அமெரிக்க வழக்கத்துக்குக் கஞ்சத்தனமான அளவு, வருடத்துக்கு 43,800 கேலன். ஆடு, கோழி, தக்காளிச் செடி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. மீதியை வண்டியில் கொண்டுவர வேண்டும். எல்லாரும் பின்னால் வைத்துக்கொள்கிற அந்தச் சதுர வெள்ளைத் தொட்டி 275 கேலன், நிரப்பினால் தண்ணீர் மட்டும் 2,300 பவுண்டு, சாதாரண பிக்கப் வண்டிக்கு அதுவே அளவுக்கு மேல். பிடித்த மழைநீரையும் சேர்த்து ஓட்டினால் அது உங்களுக்கு மூன்று நாளைக்கு வரும். ஊரில் நெருக்கடி, பெட்ரோல் கிடைக்கவில்லை என்று ஓடிவந்து ஒதுங்குகிற இடத்தில், மூன்று நாளைக்கு ஒரு முறை பெட்ரோல் போட்டுத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும் என்றால், சாண்ட்லரில் குழாயைத் திறந்துகொண்டு இருப்பது மேல் அல்லவா?

நல்ல கிணறே அமைந்தாலும் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. கரண்ட் போனால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள், அது பெரிய பிரச்சினை இல்லை. 400 அடியிலிருந்து ஆயிரம் கேலன் ஏற்ற மூன்று யூனிட் மின்சாரம் வரைக்கும் ஆகும், அந்த வெயிலுக்கு நாலைந்து சோலார் தகடே பகலில் அதை முடித்துவிடும். பிரச்சினை பம்பே கெட்டுப்போவது. 460 அடி ஆழத்தில் குழாயும் கேபிளுமாகத் தொங்குகிற மோட்டாரைக் கையால் இழுக்க முடியாது, அதற்கென்று கிரேன் வண்டி வர வேண்டும், ஜூன் மாதத்தில் எல்லார் பம்பும் ஒரே நேரத்தில்தான் கெடும், வண்டிக்காரர் "அடுத்த வாரம்" என்பார். கைப்பம்பு 300 அடியைத் தாண்டினால் நடைமுறையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஆகவே பகலில் ஏற்றி வைக்க 5,000 கேலன் தொட்டி ஒன்று, முடிந்தால் வீட்டைவிட மேடான இடத்தில். அந்தக் கஞ்சக் கணக்கில் நாற்பது நாள் தாங்கும். ஒரு பம்பும் மோட்டாரும் உபரியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடிக்குத் தயாராவது என்று பேசுகிறவர்கள் இருபத்தைந்து வருடம் கெடாத அரிசி டப்பாவை வாங்குகிறார்கள், அதை வேகவைக்கிற தண்ணீரை மேலே கொண்டுவருகிற மோட்டாருக்கு மாற்று வைத்திருக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள். தனியார் கிணற்றை அங்கே அரசாங்கம் சோதிக்காது, குடிக்கிறவர் பொறுப்பு. ஆர்செனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றும் கட்டாயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறிப் பார்த்திருப்பீர்களே, அதே ஃப்ளோரைடு இந்தப் பள்ளத்தாக்கின் சில கிணறுகளிலும் கூடுதல். காய்ச்சினால் போகாது, இன்னும் செறிவாகும்.

இனி அந்த "இன்ஸ்பெக்‌ஷன் இல்லை". உண்மைதான், கிராமப்புற மண்டலத்தில் நாலு ஏக்கருக்குக் குறையாத நிலம் இருந்து நீங்களே உங்களுக்காகக் கட்டினால், கட்டட விதிச் சோதனையிலிருந்து விலகிக்கொள்ளும் ஒரு வழியைக் கோச்சீஸ் கவுண்டி 2006 வாக்கில் கொண்டுவந்தது. மண் வீடு, வைக்கோல் கட்டு வீடு என்று கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாடு முழுவதிலுமிருந்து அங்கே போவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அனுமதிச் சீட்டும் வேண்டும், செப்டிக் டேங்குக்குத் தனி அனுமதியும் வேண்டும், பிறகு அந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கவும் காப்பீடு கொடுக்கவும் ஆட்கள் தயங்குவார்கள். உங்கள் கையில் கட்டடத் திறமை இருந்தால் இது வரம். நீங்கள் சிப் ஆள். சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நீங்கள் ஆசைப்படுகிற இந்தத் தற்சார்பு வாழ்க்கையை அங்கே ஹோம்ஸ்டெட் என்பார்கள், அந்தச் சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது, உங்களுக்குப் பயன்படும். 1862 சட்டத்தில் அமெரிக்க அரசு குடும்பத்துக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தது. வறண்ட மேற்குப் பக்கம் அது போதவில்லை என்று 1909-இல் 320 ஆக்கினார்கள். அதுவும் போதாமல் 1916-இல் மாடு மேய்க்க என்று 640 கொடுத்தார்கள். நிலத்தைச் சும்மா கொடுத்த அரசாங்கத்துக்கே ஐம்பது வருடத்தில் புரிந்துவிட்டது, இங்கே ஏக்கருக்கு மதிப்பு இல்லை, ஈரத்துக்குத்தான் என்று. இந்த 1916 சட்டத்தில் கொடுத்த நிலங்களில் கனிம உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. நீங்கள் வாங்குவது அப்படி வந்த நிலமாக இருந்தால் மேல்மண் உங்களுடையது, அடியில் இருக்கிற கனிமம் வாஷிங்டனுடையது. நில உரிமையைச் சரிபார்த்துத் தருகிற டைட்டில் கம்பெனியிடம் இதை வாயைத் திறந்து கேளுங்கள், நம் ஊரில் வில்லங்கச் சான்று வாங்குகிற மாதிரி.

பத்திர விஷயத்தில் இன்னும் இரண்டு. அரிசோனாவில் நிலத்தை ஐந்து துண்டு வரைக்கும் பிரித்து விற்றால் அது மனைப்பிரிவு என்ற கணக்கில் வராது. கோச்சீஸில் முறையான மனைப்பிரிவு போட்டால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். ஐந்து துண்டுக்குள் நிறுத்திக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் எல்லாரும் ஐந்தில் நிறுத்துகிறார்கள். ஆனால் அப்படி விற்பவர் அஃபிடவிட் ஆஃப் டிஸ்க்ளோஷர் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டும். நிலத்துக்குச் சட்டப்படி வழி இருக்கிறதா, கார் போகுமா, தண்ணீர் எங்கிருந்து, தீயணைப்பு உண்டா, வெள்ளப் பகுதியா எல்லாம் அதில் இருக்கும், கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் வேண்டாம் என்று நீங்கள் பின்வாங்கலாம். ஏஜென்ட் பேசுகிற அரை மணி நேரப் பேச்சைவிட இந்த நாலு பக்கம் உண்மையாக இருக்கும். வழி என்பதை அலட்சியமாக விடாதீர்கள், வரைபடத்தில் ரோடு இருக்கும், அது அடுத்தவர் நிலத்தில் போகும், ஒரு நாள் அவர் கேட் போடுவார். இன்னொரு வேடிக்கை, அங்கே பெரும்பாலும் திறந்த மேய்ச்சல் சட்டம். பக்கத்துப் பண்ணை மாடு உங்கள் கீரைப் பாத்தியை மேய்ந்தால் தப்பு மாட்டுக்காரர் மேல் இல்லை, வேலி போடாத உங்கள் மேல். 40 ஏக்கருக்கு வேலிக்கம்பி என்ன விலை என்று விசாரித்தீர்களா?

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. கடப்பாரை இறங்காத சுண்ணாம்பு அடுக்கு பல இடத்தில் ஒன்றிரண்டு அடிக்குக் கீழேயே இருக்கும், அங்கே கலீச்சி என்பார்கள், நம் ஊர் சுக்கான்பாறையின் சித்தப்பா மகன். அதில் செப்டிக் தண்ணீர் இறங்காது, மரத்தின் வேரும் இறங்காது. கார மண்ணில் வாழ்கிற டெக்சஸ் வேரழுகல் பூஞ்சை ஒன்று உண்டு, தழைத்து நிற்கிற பழமரம் கோடையில் சில நாளுக்குள் காய்ந்து நிற்கும், மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சோளம், மக்காச்சோளம் மாதிரிப் புல் இனத்தை அது தொடாது. 4,000 அடிக்கு மேல் உயரம் என்பதால் கோடை ஃபீனிக்ஸை விட இதமாக இருக்கும், ஆனால் ஏப்ரல் கடைசி வரைக்கும், சில வருடம் மே மாதத்திலும், உறைபனி விழும். சாண்ட்லர் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருப்பீர்கள், அதை அங்கே வெளியில் வைத்தால் முதல் டிசம்பரோடு சரி. அந்த மண்ணின் பழைய பயிர்களான டெப்பரி பயறு, சோனோரா கோதுமை இரண்டும் இந்த வறட்சிக்குப் பழகியவை, ஆசை இருந்தால் அதில் ஆரம்பியுங்கள்.

அபாயப் பட்டியல் மதிப்பெண்ணைப் பற்றி. ஃபீமா என்கிற மத்திய பேரிடர் துறையின் அந்தப் பட்டியல் 18 வகை இயற்கை இடர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, உழைத்துச் செய்த வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அடிப்படை, ஒரு வருடத்தில் எவ்வளவு சேதம் வரலாம் என்பது. கட்டடமும் ஜனமும் குவிந்த மாரிகோபாவுக்கு மதிப்பெண் ஏறத்தான் செய்யும், எரிய நாலு வீடுகூட இல்லாத இடத்துக்குக் குறையத்தான் செய்யும். கவுண்டிக்குக் குறைவு என்பதால் அங்கே இருக்கிற ஒரு வீட்டுக்கு ஆபத்து குறைவு என்று ஆகாது. அந்தப் பதினெட்டில் வறட்சி உண்டு, நிலத்தடி நீர் இறங்குவது இல்லை. உங்களுக்கு வரப்போகிற முதல் இடரே பட்டியலில் இல்லை.

அங்கே நடந்தவற்றைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிர் அடித்து எரிவாயு உற்பத்தி படுத்துவிட்டது, அதனால் அடுத்த மாநிலத்தையும் தாண்டி இருக்கிற சியரா விஸ்டாவிலும் டூசானிலும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு உறைகிற குளிரில் கேஸ் வரவில்லை. அதே வருடம் ஜூனில் ஹுவாசூக்கா மலையில் மான்யுமென்ட் தீ, 30,000 ஏக்கருக்கு மேல் எரிந்து பல பத்து வீடுகள் போயின, அடுத்த மாதமே பருவமழை வந்து எரிந்த மலையிலிருந்து சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் நன்றாக இருக்கிற மலையடிவாரத்துக்குப் போனால் நெருப்பு, நெருப்பில்லாத பள்ளத்தாக்குக்கு வந்தால் தண்ணீர் இல்லை, இந்தக் கவுண்டியின் சங்கடம் இதுதான். 1887 மே மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் சோனோராவில் பெரிய பூகம்பமே வந்திருக்கிறது. அது தினமும் நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சோதனை இல்லாமல் கட்டுகிற மண் வீட்டுக்காரர் ஒரு முறையாவது நினைக்கலாம். டக்ளஸ் ஊர் ஆஸ்பத்திரி 2015-இல் மூடப்பட்டது. வில்காக்ஸில் சின்ன ஆஸ்பத்திரி உண்டு, இதயம், மூளை என்றால் 80 மைல் தள்ளி டூசான், அல்லது ஹெலிகாப்டர். உங்கள் நிலம் எந்தத் தீயணைப்பு வட்டத்திலாவது வருகிறதா என்று கேளுங்கள், வராத துண்டுகளும் உண்டு. எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் சகஜம், கிரீன் கார்டோ விசாவோ எதுவானாலும் காகிதம் கையில் இருக்கட்டும். ஹெச்-1பி வேலை விசா என்றால் முட்டை விற்றுக் காசு பார்ப்பதற்கு முன்பு வக்கீலைக் கேளுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் முடிவு: இந்த 40 ஏக்கரை வாங்காதீர்கள். கவுண்டியையே ஒதுக்கச் சொல்லவில்லை. ஆசை விடவில்லை என்றால் மேற்கே சான் பெட்ரோ பக்கம், பென்சன், செயின்ட் டேவிட் சுற்றுவட்டாரத்தில், ஏற்கெனவே வீடும் ஓடுகிற கிணறும் உள்ள ஐந்து பத்து ஏக்கர் தேடுங்கள். செயின்ட் டேவிட்டில் தானாகப் பொங்கி வருகிற ஆர்ட்டீசியன் கிணறுகள் உண்டு, 1877-இல் மார்மன் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் குடியேறிய ஊர், வீட்டில் மாதக்கணக்கில் தானியம் சேர்த்து வைப்பதைச் சபையே சொல்லிக் கொடுக்கிற ஆட்கள், அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு தொட்டித் தண்ணீருக்குச் சமம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது, ஆற்றை ஒட்டிய கிணறுகளுக்குத் தண்ணீர் உரிமை யாருடையது என்ற வழக்கு பல பத்தாண்டாக நடக்கிறது, ஆற்றுப்படுகை எல்லைக்குள் அந்தக் கிணறு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விலை கூடத்தான் இருக்கும். கிணறு உள்ள நிலத்தில் நீங்கள் கொடுக்கிற அதிகப் பணம், காலி நிலத்தில் துளை போட்டுத் தண்ணீர் வருமோ வராதோ என்று வானத்தைப் பார்த்து நிற்கிற அந்த மூன்று நாளுக்கான காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி நின்ற முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு இருந்து பாருங்கள், கொக்கு வருகிற ஜனவரியில் போய் மயங்கிவிட்டு வராதீர்கள். ஜூனில் இரண்டு வாரம், காற்றும் புழுதியும் வெயிலுமாக. அப்புறம் ஜூலை கடைசியில் ஒரு வாரம், ஓடை நிரம்பி மண் ரோடு அறுந்து நிற்கும்போது. குடும்பத்தோடு. புழுதியோடு வருகிற வேலி ஃபீவர் (பள்ளத்தாக்குக் காய்ச்சல், நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை நோய்) பற்றி உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அது வரைக்கும், உங்களை உண்மையில் பயமுறுத்தியது சாண்ட்லரில் ஒரு ராத்திரி போன கரண்ட். அதற்கு மூன்று மணி நேரத் தூரத்தில் நிலம் மருந்து இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் ஐ-10 சாலையில் நீங்கள் மட்டும் போகப் போவதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது பொதுவான கணக்கு, உங்கள் வெயிலுக்கு இரண்டாக வைத்து நாலு பேருக்கு இரண்டு வாரத்துக்கு 112 கேலன். 55 கேலன் டிரம் இரண்டு, மேலே சில பாட்டில், கராஜ் மூலையில் அடங்கிவிடும். ஒரு அறையை மட்டும் குளிர வைக்கிற சின்ன ஏசி, அதை ஓட்டுகிற பேட்டரி, கார் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காத பழக்கம், ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் மலையில் போய்த் தங்க ஒரு நண்பர் வீடு. இந்த வாரக் கடைசியில் முடிகிற வேலை, நிலத்தின் விலையில் கால்வாசிகூட ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த 40 ஏக்கர் கண்ணிலேயே நிற்கிறது என்றால், விற்பவரிடம் பக்கத்து நிலத்துக் கிணற்றின் 55 எண்ணைக் கேட்டு எனக்கு அனுப்புங்கள், நீர்மட்டம் இறங்குகிற கோட்டை வரைந்து காட்டுகிறேன். எண் தெரியாது என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.